திருப்பூரில் எழுதிய மென்பொருள் டாக்காவில் ஓடுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறீர்கள். நான்கு வருடமாகிறது. 14 பேர் வேலை பார்க்கிறார்கள், அறுபது கம்பெனிகள் மாதச் சந்தா கட்டுகின்றன. இனி வெளிநாட்டுக்குப் போகலாம் என்று எண்ணம். துபாயில் ஒரு ஆபீஸ் போட்டுவிடலாம் என்கிறார் ஆடிட்டர். அமெரிக்காதான் சந்தை என்கிறார் பங்குதாரர். உங்களைப் போன்ற இளம் கம்பெனிகள் வெளிநாட்டுச் சந்தைக்குள் எப்படி நுழைகின்றன, எங்கே சறுக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: இப்போதைக்குத் துபாய் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம். முதலில் இலங்கை, அப்புறம் வங்கதேசம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மென்பொருள் விற்கும் வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் நாங்கள் காசு கட்டிக் கற்றுக்கொண்டது.

உங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர் ஏற்றுமதி ஊராக மாறியபோது யாரும் ரோம் நகரில் போய் ஆபீஸ் திறக்கவில்லை. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாக, வெள்ளை டி-ஷர்ட் வாங்கத் திருப்பூர் வந்தார். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைக்காரர்கள் வந்தார்கள். கேட்டதைத் தைத்துக் கொடுத்தார்கள், அடுத்தவர் வந்தார், அப்புறம்தான் மெஷின், சாயப்பட்டறை, சரக்குப் பெட்டி எல்லாம் அந்த அளவுக்கு வளர்ந்தன. அந்தக் காலத்து முதலாளிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

மென்பொருளிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கினார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் புகார்களை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்ல உதவும் மென்பொருள். அந்தத் துறையில் பெரிய ஆளாக இருந்த அமெரிக்கக் கம்பெனி ஒன்று விலையை ஏற்றியதில் பலர் கடுப்பாகி இணையத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டைப் படித்ததில் பிறந்த யோசனை அது. 2011 ஜூனில் பொருள் வெளிவந்தது. முதல் வாடிக்கையாளர் அமெரிக்காவும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரப் பக்கம் ஆட்வெல் காலேஜ் என்றொரு பள்ளி. பத்து வருடம் கழித்து, 2021 செப்டம்பரில், ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு 36 டாலர் விலையில் நுழைந்து நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் 'சென்னைப் பையன்கள் உலகை வென்றார்கள்' என்ற மாதிரி சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பெர்த்தில் இருக்கும் பள்ளிக்கும் பாரிஸில் இருக்கும் கடைக்கும் அவர்கள் கொடுத்தது ஒரே பொருள். புகார் மின்னஞ்சலில் வரும், யாராவது பதில் சொல்ல வேண்டும், சொன்னோமா இல்லையா என்று பார்க்க வேண்டும். எந்த ஊரிலும் இவ்வளவுதான். இரண்டாவது நாட்டுக்குப் போனபோது மறுபடி கட்ட வேண்டியது மிகக் கொஞ்சம்.

இதோடு சொமேட்டோவை ஒப்பிட்டுப் பாருங்கள். 2008-ல் ஃபுடீபே என்ற பெயரில் தொடங்கி, உணவகங்களின் மெனு அட்டையைப் படமெடுத்து இணையத்தில் போட்டவர்கள். 2012-ல் ஐக்கிய அமீரகம் போனார்கள், அப்புறம் இலங்கை, பிரிட்டன், பிலிப்பைன்ஸ், பிரேசில் என்று மளமளவென்று விரிந்தார்கள். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் அர்பன்ஸ்பூன் தளத்தை ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். மறு வருடமே ஒன்பது நாடுகளில் நேரடி வேலையைச் சுருட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் இலங்கையும் அந்த ஒன்பதில் உண்டு. திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். கொழும்பில் எந்தக் கடையில் என்ன கொத்து ரொட்டி கிடைக்கிறது என்ற விவரம் மணிலாவில் ஒரு பைசாவுக்கு உதவாது. ஒவ்வொரு ஊரிலும் தெருவில் இறங்கி நடக்க ஆள் போட வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

ஓலாவுக்கும் இதுதான் நடந்தது. 2018-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் என்று போனார்கள். 2020 பிப்ரவரியில் லண்டனில் இறங்கினார்கள். அதே வருடம் அக்டோபரில், உரிமமில்லாத ஓட்டுநர்கள் பயணிகளை ஏற்றியிருக்கிறார்கள் என்று லண்டன் போக்குவரத்து ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2024 ஏப்ரலில் மூன்று நாட்டிலும் கடையை மூடினார்கள். பெங்களூரில் எத்தனை லட்சம் ஓட்டுநர்கள் இருந்தாலும் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் கூப்பிட்டால் வந்து நிற்கும் கார் ஒன்றுகூட அதனால் கூடாது.

ஆகவே எந்த நாடு என்ற கேள்வியை ஒரு ஓரமாக வையுங்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது: இன்னொரு நாட்டுக்குப் போனால் நம் பொருளில் எது அப்படியே ஓடும், எதை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும்? இதை எழுதி வைக்காமல் போன கம்பெனிகள்தான் நான் பார்த்தவரை அதிகம் அடிபட்டவை. நாங்களும் அதில் சேர்த்தி.

எங்கள் அடி என்ன என்றால், இது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் கொடுத்தோம். திரையெல்லாம் ஜெர்மன் மொழியில் மாற்றி, மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சரிபார்த்து, பெருமையாகத்தான் அனுப்பினோம். அவர்கள் பழைய கணக்குக் கோப்பை உள்ளே ஏற்றினார்கள். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. அவர்களுடைய 1.250 திருகாணிகள் எங்கள் கணக்கில் ஒன்றேகால் திருகாணி ஆயின. மூன்று நாள் கிடங்கே நின்றது. அந்த நிறுவனத்தின் கிடங்கு மேலாளர் ஒன்றேகால் திருகாணியைப் படமாக வரைந்து எங்களுக்கு அனுப்பினார். சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார், ஆனால் அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. மொழியை மாற்றிய நாங்கள் எண்ணை மறந்துவிட்டோம்.

உங்கள் பொருளுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய விளக்கப் படத்தைப் பார்த்தேன். இரண்டு பாதி இருக்கிறது. தையல் லைனில் மணிக்கு எத்தனை பீஸ் வந்தது, எந்த மெஷினில் தேக்கம், எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று காட்டும் திரை ஒன்று. சம்பளக் கணக்கு இன்னொன்று. முதல் பாதி எந்த நாட்டிலும் ஓடும். ஓவர்லாக் மெஷினும் பிளாட்லாக் மெஷினும் டாக்கா பக்கத்துப் பின்னலாடை ஊரான நாராயண்கஞ்சில் வேறு மாதிரி தைப்பதில்லை. இரண்டாவது பாதி திருப்பூர் எல்லையைத் தாண்டினால் படுத்துவிடும். உங்களிடம் 'ஒன்றரை ஷிப்ட்' என்று ஒரு பொத்தானே இருக்கிறது. பீஸ் ரேட், கான்ட்ராக்டர் கணக்கு, வாரச் சம்பளம், தீபாவளி போனஸ் முன்பணம் எல்லாம் உங்கள் ஊர் வழக்கம். வங்கதேசத்தில் அரசே தரவரிசை பிரித்து மாதச் சம்பளம் நிர்ணயிக்கிறது. 2023 டிசம்பரில் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் 12,500 டாகா (அந்நாட்டு நாணயம்) என்று வைத்தார்கள். மிகைநேரக் கணக்கு, இரண்டு ஈத் போனஸ் எல்லாம் அந்த அமைப்பின்மேல் நிற்கின்றன. அந்தப் பாதியைக் கொண்டுபோகாதீர்கள். லைன் திரையை மட்டும் தனியாகப் பிரித்து, தனிப் பெயர், தனி விலை வைத்து எடுத்துப் போங்கள்.

அந்தத் திரையிலும் ஒரு சின்ன விஷயம். வங்க எழுத்தில் நான்கு என்ற எண், நம் கண்ணுக்கு எட்டு மாதிரி இருக்கும். ஏழு, ஒன்பது மாதிரி. லைனில் வேலை செய்யும் பெண்களுக்கு வங்க எண்ணில் காட்ட வேண்டும், வாங்குபவரின் அதிகாரிக்கு ஆங்கில எண்ணில். உங்கள் ஆட்கள் திருப்பூரிலிருந்து திரையைப் பார்த்துப் பிழை தேடும்போது 47-ஐ 89 என்று படிக்காமல் இருக்க இரண்டையும் மாற்றிப் பார்க்கும் வசதி வையுங்கள். லட்சம், கோடி என்று எண்ணுவது அங்கேயும் உண்டு, அந்த வகையில் வியட்நாமைவிட டாக்கா உங்களுக்குப் பக்கம். வார விடுமுறை வெள்ளிக்கிழமை. உங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே லைன் முழு வேகத்தில் ஓடும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அதாவது நம் ஏழரைக்கு, போனை எடுக்க ஒருவர் இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் உங்களைத் தூக்கிவிடுவார்கள்.

வெளியிலிருந்து நம் நாட்டுக்குள் வந்தவர்களும் இதே பாட்டைப் பட்டிருக்கிறார்கள். ஊபர் இங்கே வந்தபோது கார்டு மட்டும்தான். 2014-ல் ரிசர்வ் வங்கி கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் என்று பிடித்தவுடன் பேடிஎம் பக்கம் ஓடினார்கள். 2015 மே மாதம் ஹைதராபாத்தில் ரொக்கம் வாங்க ஆரம்பித்தார்கள், ரொக்கமே வேண்டாம் என்று பிறந்த கம்பெனி. சீனாவில் அதையும் தாண்டி வருடத்துக்கு நூறு கோடி டாலர் நஷ்டம் பார்த்து, 2016 ஆகஸ்டில் உள்ளூர்ப் போட்டியாளரான டிடியிடம் விற்றுவிட்டுப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தாங்கியது. உங்களுக்கும் எனக்கும் தாங்காது.

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் இரண்டு கட்சி. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சன், வால்னே இருவரும் 1977-ல் எழுதினார்கள்: கம்பெனிகள் முதலில் பழக்கமான பக்கத்து நாட்டுக்கு ஏஜெண்டு மூலம் விற்கும், அங்கே கற்றுக்கொண்டு சொந்த விற்பனைக் கிளை போடும், கடைசியில்தான் தொழிற்சாலை. படிப்படியான ஏற்றம். 1994-ல் ஓவியாட், மெக்டுகல் என்ற இருவர் வந்து, பிறக்கும்போதே உலகச் சந்தைக்குப் பிறக்கும் கம்பெனிகள் இருக்கின்றன, அவை படி ஏறுவதில்லை என்றார்கள். ஃபிரெஷ்டெஸ்க் இரண்டாவது வகை. நீங்கள் எந்த வகை என்று ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது, உங்கள் பொருள் முடிவு செய்துவிட்டது. தொழிற்சாலைத் தரையில் டேப்லெட் மாட்டி, சூப்பர்வைசருக்குச் சொல்லிக்கொடுத்து, முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நின்றால்தான் ஓடும் பொருள் உங்களுடையது. இணையத்தில் விளம்பரம் போட்டு ஓஹையோ மாநிலத்துக்கு விற்க முடியாது. அதுவும் அமெரிக்காவில் டி-ஷர்ட் தைக்கும் ஆலைகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று உங்கள் பங்குதாரரை எண்ணச் சொல்லுங்கள்.

சரி, கதவை யார் திறப்பார்? உங்கள் அறுபது கம்பெனிகளும் யாருக்குத் தைக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஐரோப்பிய பிராண்டு ஒன்று திருப்பூரிலும் வாங்கும், டாக்கா பக்கமும் வாங்கும், கொழும்பிலும் வாங்கும். அவர்களுடைய கொள்முதல் ஆபீஸ் ஆள் உங்கள் திரையை ஏற்கெனவே திருப்பூர் ஆலையில் பார்த்திருப்பார். சரக்கு சொன்ன தேதிக்குக் கப்பலேறுமா என்ற கவலை ஆலை முதலாளியைவிட அவருக்கு அதிகம். இரண்டாவது வழி, உங்கள் ஊர் ஆட்கள். வங்கதேச ஆலைகளில் தயாரிப்பு மேலாளர்களாக இந்தியர்களும் இலங்கையர்களும் நிறைய வேலை செய்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளரிடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர் ஒருவராவது இருப்பார். "அண்ணா, அங்க நம்ம சாஃப்ட்வேர் மாதிரி ஏதாவது வச்சிருக்காங்களா?" என்று ஒரு போன் போட்டால் போதும், விளம்பரச் செலவு ஒரு ரூபாய் இல்லாமல் உள் விவரம் வந்துவிடும். உங்கள் இணையதளத்தில் விசாரணைப் படிவம் நிரப்பிய வெளிநாட்டு எண்களையும் தூசு தட்டுங்கள். பதில் போடாமல் விட்டது பத்தாவது இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

முதல் ஆள் விஷயம் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியது, ஏனென்றால் இங்கேதான் பணம் ஒழுகும். இரண்டு தவறு சகஜம். ஊரிலிருந்து நம்பிக்கையான பையனை அனுப்புவது. அவனுக்கு அங்கே நாய் பூனையைத் தெரியாது. இல்லையென்றால் அங்கேயே பெரிய சம்பளத்தில் ஒரு விற்பனைப் புலியை எடுப்பது. அவருக்கு நம் பொருளைத் தெரியாது, போன கம்பெனியின் பொருளை விற்ற மாதிரியே இதையும் விற்பார். நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். மூன்றாவது முறைதான் சரிப்பட்டது. பொருளைச் செய்த பொறியாளர் ஒருவரை மூன்று மாதத்துக்கு அனுப்பினோம். விற்க வேண்டாம், முதல் இரண்டு வாடிக்கையாளரின் தரையில் நில், அவர்கள் எதற்கெல்லாம் முகம் சுளிக்கிறார்கள் என்று தினமும் எழுது என்றோம். அவர் எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளூர் ஆளைத் தேடினோம்.

இதில் நமக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் 'கொண்டுவிற்க'ப் போனபோது முதலாளி பெரும்பாலும் ஊரில்தான் இருந்தார். போனவர் ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்கு, சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே கைக்கு, லாபத்தில் பங்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்குக் கீழே பெட்டியடிப் பையன். பையனாகப் போனவன் அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, ஒருநாள் தனிக்கடை போடுவான். தூரத்தில் இருக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் மட்டும் கொடுத்தால் மாதச் சம்பளக்காரனாகத்தான் இருப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டாக்காவில் எடுக்கும் ஆளுக்கு லாபப் பங்கு என்று சொல்லாவிட்டாலும், இரண்டாவது வருடம் புதுப்பிக்கும் வாடிக்கையாளருக்குத் தனி ஊக்கத்தொகை வையுங்கள். புது ஆர்டருக்கு மட்டும் கமிஷன் வைத்தால் ஓடாத இடத்திலெல்லாம் விற்று வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அதே செட்டியார்களின் கதை இன்னொரு பக்கமும் திரும்பும். 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் அடமான நிலங்கள் கைக்கு வந்து, கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் சேர்ந்துவிட்டது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, பர்மா விடுதலைக்குப் பிறகு நில உடைமைச் சட்டம் வந்தது, எல்லாம் போயிற்று. நீங்கள் நிலம் வாங்கப் போவதில்லை, சரி. ஆனால் 2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது, வாடிக்கையாளரிடம் ரூபாய் இருந்தும் எங்களுக்கு அனுப்ப வங்கியில் டாலர் இல்லை. ஐந்து மாதப் பில் நின்றது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த வாரங்களில் ஆலைகளே அடைத்துக் கிடந்தன. ஒரே நாட்டிலிருந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வர ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வராது. இது என் சொந்தக் கணக்கு, சாஸ்திரம் இல்லை.

பணம் வாங்கும் பக்கம் சில விஷயங்கள், வேகமாகச் சொல்லிப் போகிறேன். இங்கிருந்தே பில் போட்டால் ஜிஎஸ்டி-யில் அது ஏற்றுமதி, பூஜ்ய வரி. ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம், தாக்கல் செய்திருக்க வேண்டும். மறந்தால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பணம் அந்நியச் செலாவணியில் வந்ததற்கு வங்கி தரும் சான்றை ஒவ்வொரு பில்லோடும் சேர்த்து வையுங்கள். பணம் எதற்காக வருகிறது என்று வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டைத் தப்பாகப் போட்டால் ஒரு மாதம் கிளை மேலாளரோடு குடித்தனம் நடத்த வேண்டிவரும். அந்த நாட்டு வாடிக்கையாளர் பணம் அனுப்பும்போது அவர்கள் சட்டப்படி வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பக்கூடும். வங்கதேசத்தோடும் இலங்கையோடும் இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. நம் வருமான வரித் துறையிடம் வசிப்பிடச் சான்று வாங்கிக் கொடுத்தால் ஒப்பந்தச் சலுகையைக் கேட்க வழி உண்டு. இதை விலை பேசும் முன் பேசுங்கள். பில் போட்ட பிறகு பேசினால் வரி நம் தலையில்தான் விடியும்.

விலையை ரூபாயிலிருந்து அப்படியே மாற்றாதீர்கள். லைனுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று திருப்பூரில் வாங்குவதை டாலராக்கிச் சொன்னால், எதிரில் இருப்பவர் 'இவ்வளவு மலிவா, நாளைக்கு இருப்பீர்களா?' என்று யோசிப்பார். நாங்கள் ஒருமுறை வெளிநாட்டு விலையை இரண்டரை மடங்காக்கினோம். வாடிக்கையாளர் எண்ணிக்கை குறையவில்லை. போகிற வருகிற செலவு, ஞாயிற்றுக்கிழமை ஆள், அந்த நாட்டு வரி எல்லாம் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். ஐரோப்பிய பிராண்டு மூலமாகப் போனால் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தம் கேட்பார்கள். 2018 மே மாதம் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தொழிலாளியின் பெயரும் வேகமும் பதிவாகும் மென்பொருளை அவர்கள் வக்கீல் பார்க்காமல் விடமாட்டார். அபராதம் உலக வருமானத்தில் 4 சதவீதம் வரை போகும் சட்டம். திரையில் பெயருக்குப் பதில் எண் மட்டும் காட்டும் அமைப்பை இப்போதே செய்துவிடுங்கள், பிறகு செய்தால் மூன்று மடங்கு வேலை.

இனி துபாய். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனி அங்கே ஃப்ரீ ஸோன் (வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான சலுகை வலயம்) உரிமம் எடுத்தது. உரிமக் கட்டணம், மேஜை வாடகை, விசா, அங்கே உட்கார ஒரு ஆள். பதினான்கு மாதத்தில் இரண்டு வாடிக்கையாளர் கிடைத்தார்கள். ஒருவர் மஸ்கட், ஒருவர் நைரோபி, இரண்டு பேருமே சென்னைக்கு மெயில் போட்டு வந்தவர்கள். விசிட்டிங் கார்டில் துபாய் முகவரி அழகாகத்தான் இருந்தது. வரி மிச்சம் என்று உங்கள் ஆடிட்டர் சொன்னால், 2023 ஜூன் முதல் அங்கேயும் 9 சதவீத நிறுவன வரி வந்துவிட்டதை நினைவுபடுத்துங்கள். ஃப்ரீ ஸோன் சலுகைக்கும் நிபந்தனைகள் உண்டு. வெளிநாட்டில் துணை நிறுவனம் வைத்தால் ரிசர்வ் வங்கிக்கு ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை போக வேண்டும். பதினான்கு பேர் கம்பெனியில் அந்தக் காகிதத்தை யார் பார்ப்பது?

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தாய்க் கம்பெனியைப் பதிவு செய் என்று முதலீட்டாளர்கள் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க முதலீட்டாளர் காசோலையோடு எதிரில் உட்கார்ந்திருந்தால் யோசிக்கலாம். மற்றபடி, வெளியே போய்ப் பதிந்துவிட்டுத் திரும்புவது சும்மா இல்லை. சிங்கப்பூரில் பதிவாகியிருந்த ஃபோன்பே 2022-ல் இந்தியாவுக்கு இருப்பிடத்தை மாற்றியபோது அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய். வாடிக்கையாளரே இல்லாத நாட்டில் கம்பெனி இருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இன்று இல்லை.

அப்படியானால் முதலில் எங்கே? நானாக இருந்தால் இலங்கை. சின்னச் சந்தைதான், எம்.ஏ.எஸ், பிராண்டிக்ஸ் மாதிரிப் பெரிய குழுமங்கள் சொந்தமாகவே எல்லாம் வைத்திருக்கும், அவர்கள் வாசலில் நிற்காதீர்கள். நானூறு, ஐநூறு பேர் வேலை செய்யும் நடுத்தர ஆலைகள் மூன்று பிடித்தால் போதும். கடிகார நேரம் இரண்டு நாட்டிலும் ஒன்றே, விமானம் ஒரு மணி நேரம் சொச்சம், ஏதாவது கெட்டுப்போனால் காலையில் கிளம்பி மதியம் தரையில் நிற்கலாம். தமிழ் பேசிச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் போகாதீர்கள். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசும் பெண்கள். திரை சிங்களத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு வருடம் ஓட்டினால், பொருளில் எது திருப்பூர், எது பொது என்று உங்களுக்கே பிரிந்து தெரிந்துவிடும். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு நாராயண்கஞ்ச் போங்கள், அங்கேதான் எண்ணிக்கை இருக்கிறது.

டிக்கெட் போடும் முன் நாட்காட்டியில் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். மாதாமாதம் அன்று போயா விடுமுறை. முதல் தடவை நான் மூன்று ஆலைகளைப் பார்க்கத் தேதி குறித்துக்கொண்டு, சரியாக அன்றைக்குப் போய் இறங்கினேன். கேட்டில் இருந்த காவலாளி நல்ல மனிதர், உட்காரச் சொல்லி ஒரு பிளேன் டீ கொடுத்தார்.